வேட்டி கட்டிய ஜன்னல்

ஜெயச்சந்திரனுக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. விருதுநகர் பஜாரில் அப்பா விட்டுப்போன பருப்பு மண்டியில் ஒன்பது மணிக்கு நாற்காலியில் அமர்ந்தால் ஒன்பதே காலுக்கு எழுந்து வாசலில் நிற்பான். உளுந்து சாம்பிள் தட்டை அவன் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பதைக் கண்ட வெளியூர் வியாபாரிகள், மனுஷன் தரத்தில் கெட்டி என்று மெச்சிக்கொள்வார்கள். அவன் பார்த்ததோ, தட்டின் எந்தப் பக்கம் நிழல் விழுகிறது என்பதை. இந்த உண்மை வெளியே தெரியாததால் மண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கேமரா பிடித்து ஏழு வருஷம் ஆகிறது. தொழிலுக்கு அல்ல, ஆசைக்கு. யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவான். ஆனால் இவனைப் போலவே ஆசைக்குப் படம் எடுக்கிற முப்பத்தெட்டுப் பேர் சேர்ந்த வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. அதில் இவன்தான் வாத்தியார். ஞாயிறு காலை ஏழு மணிக்கு இவன் குரல் பதிவு வந்து விழுந்துவிடும். குழுவில் இருக்கும் காரியாபட்டிப் பல் டாக்டர் அதைப் பல் தேய்த்துக்கொண்டே கேட்பாராம்.

"புது லென்ஸ் வாங்குறதுக்கு முந்தி, இருக்குற லைட்ட ரெண்டடி தள்ளி வச்சுப் பாருங்க," என்று ஆரம்பிப்பான். "பிளாஷ நேரா மூஞ்சியில அடிச்சீகன்னா ஆதார் கார்டுதான் கெடைக்கும். சொவத்துல அடிங்க. சொவத்துல பட்டுத் திரும்பி வருது பாருங்க, அந்த வெளிச்சந்தான் மூஞ்சிக்கு. பச்சைச் சொவரா இருந்தா ஆளும் பச்சையாத்தான் வருவாரு, அதுக்கு என்னையத் திட்டக்கூடாது."

அதைச் சொன்ன கையோடு தன் வீட்டு மேற்கு அறையின் பச்சைச் சுவருக்கு வெள்ளை அடித்தான். அந்தப் பச்சை, அவன் மனைவி கீர்த்திகா தேடித் தேடித் தேர்ந்தெடுத்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அவனுக்குப் பழகிப்போயிருந்தது.

அந்த அறையின் மேற்கு ஜன்னல்தான் அவனுடைய சொத்து. நாலு மணிக்கு மேல் வெயில் அதில் நேராக இறங்கும். அப்படியே விட்டால் முகத்தில் பாதி வெளுத்து, மீதி இருண்டுபோகும். அதனால் எட்டு முழ வேட்டி ஒன்றை ஜன்னல் முழுக்க இழுத்துக் கட்டுவான். வெயில் அதற்குள் புகுந்து வரும்போது அறை முழுக்கப் பாலாடை படிந்த மாதிரி மெத்தென்று இருக்கும். எதிர்ப்பக்கம் மூன்றடி தள்ளி ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் நிழல் கொஞ்சம் இளகும். இளக வேண்டாம் என்றால் தெர்மாகோலை எடுத்துவிட்டுக் கறுப்பு சார்ட் வைப்பான். வைப்பான், எடுப்பான், திரும்ப வைப்பான். நடுவில் ஒரு ஸ்டூலில் கீர்த்திகா உட்கார்ந்திருப்பாள்.

"சும்மா உக்காரு, லைட் மட்டும் பாத்துக்கிடுதேன்" என்பான். அந்தச் 'சும்மா' ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் போகும். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்து, கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் கல்லூரியில் பாடம் எடுத்தவள் அவள். இப்போது லைட் பார்ப்பதற்கு உட்காருகிறாள். அவள் போட்டது ஒரே ஒரு நிபந்தனைதான்.

"எம்புட்டு வேணாலும் எடுங்க. எம் படம் இந்த வாசலத் தாண்டக்கூடாது."

ஏன் என்று அவன் கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினான்.

ஆறு வருஷம் வாக்கைக் காப்பாற்றியவன், இந்தப் பொங்கலுக்கு மறுநாள் கோட்டை விட்டான். குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், முகத்துக்கு நல்ல வெளிச்சம் வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு லைட், இரண்டு ஸ்டாண்ட், பெரிய குடை எல்லாம் வேண்டும், ஜன்னல் வேட்டி எல்லாம் சும்மா பேச்சு என்று எழுதிவிட்டார். ஜெயச்சந்திரனுக்குச் சுருக்கென்றது. ஐந்து நிமிஷம் அறைக்குள்ளேயே நடந்தான். பிறகு, போன வருஷம் ஜூன் மாதம் எடுத்த கீர்த்திகாவின் படத்தைத் தேடி எடுத்துக் குழுவில் போட்டான். கூடவே ஒரு காகிதத்தில் படம் வரைந்து, இங்கன ஜன்னல், இங்கன வேட்டி, இங்கன தெர்மாகோல், ஐம்பது எம்எம் லென்ஸ், முகம் ஜன்னல் பக்கம் ஒரு இம்மி திரும்பியிருக்கிறது என்று விளக்கமும் கொடுத்தான். கைதட்டுகள் வந்து குவிந்தன. முப்பத்தெட்டுப் பேர்தானே, வீட்டு மனுஷர்கள் மாதிரிதானே என்று அவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டி வந்ததே தப்பு என்பது அவனுக்கும் தெரியும்.

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை மகேஷ்குமாரிடமிருந்து ஒரு படம் வந்தது. மகேஷ்குமார் குழுவில் ஒருவன், இவனைவிட எட்டு வயது இளையவன், சிவகாசியில் ஆப்செட் அச்சகம் வைத்திருக்கிறான். வெடிகளுக்கு லேபிள் அடிப்பதுதான் அவனுக்குப் பெரிய வேலை. மெஷினிலிருந்து அப்போதுதான் வந்த பெரிய தாள் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். தாளில் வரிசை வரிசையாக அறுபது கீர்த்திகா. பின்னால் மஞ்சள் கதிர்கள் சுற்றிச் சுழன்றன.

'அண்ணாச்சி, சர்ப்ரைஸ்!' என்று கீழே எழுதியிருந்தது.

ஜெயச்சந்திரன் நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தான். உடனே போன் போட்டான்.

"எதுக்குடே இது?"

"ஒத்தை வெடி அண்ணாச்சி, புது ஐட்டம். சாமி படம் போட்டா கொளுத்தி மிதிக்க மனசு வரலன்னு பார்ட்டிக வேண்டாங்காக. நல்ல மொகமா பாருன்னாக. நம்ம கையிலதான் இப்பிடி ஒரு மொகம் இருக்கேன்னு…" அவன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

சிவகாசியில் இது பெரிய விஷயமே இல்லை. குழந்தையோ கிளியோ, லேபிளுக்கு நல்லதாக ஒரு முகம் கிடைத்தால் போதும், யார் எவர் என்று விசாரிக்கும் வழக்கம் கிடையாது. சொந்த மகள் படத்தையே போட்டு, அந்த மகள் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் அதே லேபிளை ஓட்டுகிற வீடுகள் உண்டு. அங்கே அது மரியாதை. மகேஷ்குமார் மரியாதைதான் செய்திருந்தான்.

ஆனால் ஒத்தை வெடி. பெட்டிமேல் ஒட்டுகிற லேபிள் என்றாலாவது பரண்மேல் கிடக்கும். இது ஒவ்வொரு வெடியையும் சுற்றி வருவது. திரியைப் பற்றவைத்தால் முகம் சில்லுச் சில்லாகத் தெருவில் கிடக்கும், மறுநாள் காலை பெருக்கித் தள்ளுவார்கள். வாசலைத் தாண்டக்கூடாது என்றவளின் முகம்.

மண்டியைக் கணக்கப்பிள்ளையிடம் விட்டுவிட்டு பைக்கை எடுத்தான். கேமரா பை பழக்கத்தில் தோளில் ஏறிக்கொண்டது. வழியில் ரயில்வே கேட் சாத்திக் கிடந்தது. கூட்ஸ் வண்டி போகிற பன்னிரண்டு நிமிஷத்தில் மூன்று தடவை இறங்கி ஏறினான். பக்கத்தில் நின்ற லோடு ஆட்டோக்காரர், "அவசரமா வயித்தக் கலக்குதோ?" என்று அக்கறையாகவே கேட்டார்.

அச்சகத்தில் மகேஷ்குமார் டீ வாங்கி வைத்துக் காத்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் தொங்கிப்போயிற்று.

"சந்தோசப்படுவீகன்னுல்ல நெனச்சேன். மதினிக்குத் தெரியாதா?"

ஜெயச்சந்திரன் தெரியாது என்று தலையாட்டினான்.

"குரூப்புல நீங்கதான அண்ணாச்சி போட்டீக? வீட்டு ஆம்பள நீங்களே போட்டுட்டா, அதுக்கு மேல மதினியக் கேக்கணும்னு எனக்கு எப்பிடித் தோணும்?"

அது நியாயம். நியாயமாக இருந்ததால்தான் கோபம் வந்தது. கோபப்பட ஆள் இல்லாமல் அந்த டீயை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

முதல் நடை தாள்கள் நேற்றே வெட்டப்பட்டு நாரணாபுரத்திலிருக்கும் வெடிக் கம்பெனிக்குப் போய்விட்டன. மகேஷ்குமார் அங்கே போன் பண்ணி, லேபிள் சுற்றுவதை நிறுத்தச் சொன்னான். பிறகு இவன் பக்கம் திரும்பினான்.

"நாளைக்கு வேலை ஆரம்பிக்கிற வரைக்கும் நிறுத்தி வைக்கச் சொல்லிட்டேன். மதினி வேண்டான்னு சொன்னா, சுத்துனது சுத்தாதது அம்புட்டையும் எடுத்தாந்து பேப்பர் மில்லுக்குக் கூழுக்குப் போட்டுருதேன். எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா மதினிகிட்ட நீங்கதான் கேக்கணும்."

நேராக வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஜெயச்சந்திரன் நாரணாபுரத்துக்குப் போனான். நிறுத்தினார்களா என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்று மகேஷ்குமாரிடம் சொன்னான். வீட்டுக்குப் போகப் பயம் என்று சொல்ல முடியுமா?

கம்பெனி கேட்டில் கண்ணுச்சாமி என்ற வாட்ச்மேன் பையை வாங்கிப் பிரித்தார்.

"போனு, பேட்டரி எதுவும் உள்ள போகாது சார். இது என்னது, பளிச்சுன்னு அடிக்குமே, அதானே? ஆத்தாடி, இதக் கையில வச்சுக்கிட்டா வந்தீக!" பிளாஷை இரண்டு விரலால் தூக்கித் தன் அறைக்குள் துணி விரித்து வைத்தார். கேமராவையும் போனையும் வாங்கிக்கொண்டார்.

லேபிள் சுற்றும் ஷெட் கேட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அங்கே வெடிமருந்து கிடையாது. வெறும் காகிதக் குழாய்கள் மட்டும்தான், மருந்து அதற்கப்புறம் வேறு இடத்தில். நிறுத்தச் சொல்லிவிட்டதால் பெண்கள் பசைத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். முத்துப்பேச்சி என்ற ஒருத்தி மட்டும் கையிலிருந்த கடைசித் தட்டுக் குழாய்களை முடித்துக்கொண்டிருந்தாள். கீர்த்திகா வயதுதான் இருக்கும். லேபிளில் பசையைத் தடவி, குழாயை வைத்து ஒரு உருட்டு. கீர்த்திகாவின் முகம் வளைந்து குழாயைக் கட்டிக்கொண்டது. ஷெட் முழுக்க, தட்டுத் தட்டாக அவள்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"இந்தப் படத்துல இருக்கவுக ஒங்களுக்கு என்ன வேணும் சார்?" என்று முத்துப்பேச்சி கேட்டாள்.

"எம் வீட்டுக்காரி. படம் நான் எடுத்ததுதான்." அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த நிலைமையிலும் அவனுக்கு வாய் அடங்கவில்லை. "எப்பிடி இருக்கு?"

"படம் நல்லாத்தான் இருக்கு." அவள் ஒரு குழாயைக் கையில் வைத்துத் திருப்பினாள். "காலையில இருந்து ஆயிரம் தடவைக்கு மேல பாத்துட்டேன். பாவமாருக்கு சார். இவுக எதுக்கோ காத்துக்கிட்டு இருந்துருக்காக. அது வரல போலருக்கு."

"அப்பிடி எல்லாம் இல்ல. கண்ணுல வெளிச்சம் இருக்கு பாரும்மா. ஜன்னல் அப்பிடியே கண்ணுல விழுந்துருக்கு. அதுதான் படத்துக்கு உசுரு."

"நீங்க சன்னலப் பாக்கீக. கீழ் எமையப் பாருங்க. அழுகைய முழுங்குற மொகம் எங்களுக்குத் தெரியாதா?"

ஜெயச்சந்திரன் குழாயை வாங்கிப் பார்த்தான். கீழ் இமையின் ஓரத்தில் கோடு போல ஈரம் மின்னியது. ஏழு மாதம் முன்னால் குழுவில் போடுவதற்காக அதே படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவன் அவன். அந்த மினுமினுப்பையும் வேட்டி வெளிச்சத்தின் கணக்கில் எழுதிவிட்டிருந்தான்.

அந்தக் காலிக் குழாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு ஓடி வந்தான். கண்ணுச்சாமி நோட்டில் கையெழுத்து வாங்கிப் பையையும் போனையும் கொடுப்பதற்குள் கால் தரிக்கவில்லை. வெளியே வேப்பமரத்தடிக்கு வந்து போனைத் திறந்தான். கேமராவில் எடுத்ததையெல்லாம் போனிலும் ஏற்றிவைப்பது அவன் வழக்கம். ஒவ்வொரு படத்துக்கும் தேதியும் நேரமும் இருக்கும். போன வருஷம் ஜூன் பதினொன்று. நூற்று நாற்பத்து மூன்று படங்கள். முதல் படம் நாலு மணி எட்டு நிமிஷத்துக்கு. கடைசிப் படம் ஐந்து நாற்பத்தொன்றுக்கு. லேபிளில் இருக்கும் படம் ஐந்து மணி மூன்று நிமிஷத்துக்கு.

ஒவ்வொன்றாகத் தள்ளினான். நாலு பத்துக்கு அவள் வாய் லேசாகத் திறந்திருக்கிறது. நாலு இருபதுக்கும் அப்படித்தான். இந்த மாதிரிப் படங்களைக் கழிசல் என்று குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். வாய் திறந்தது, கண் மூடினது, ஆடினது எல்லாம் கழிசல், பார்த்து நேரத்தைப் போக்காதீர்கள் என்று. நாலு முப்பத்தைந்தில் இன்னொரு கழிசல். நாலு ஐம்பதிலிருந்து அவள் கேமராவைப் பார்க்கவே இல்லை. அவன் தலைக்கு மேலே, பின்பக்கச் சுவரில் எதையோ பார்க்கிறாள். அந்தச் சுவரில் கடிகாரத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. நாலு ஐம்பத்தெட்டு, நாலு ஐம்பத்தொன்பது, ஐந்து. பிறகு கடிகாரத்தை விட்டுவிட்டு மறுபடியும் கேமராவைப் பார்க்கிறாள்.

அன்றைக்கு அவள் பேசியது இப்போது ஞாபகம் வந்தது. "ஏங்க, ஒண்ணு சொல்லணும்" என்றாள். "ஆடாத கீர்த்தி, இந்த வெளிச்சம் இன்னும் கொஞ்ச நேரந்தான், முடிச்சுட்டுப் பேசுவோம்" என்றான் இவன். முடித்த பிறகு அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். இவன் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கப் போனான். பேசவே இல்லை. அந்தப் பேச்சு ஒரு வருஷமாக அப்படியே நிற்கிறது. வேப்பமரத்தடியில் நின்றவனுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மூன்றரை மணி. கீர்த்திகா மேற்கு அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் பையிலிருந்து குழாயை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"தப்புப் பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்து, பொங்கலுக்கு மறுநாள் முதல் நாரணாபுரம் வரை எதையும் விடாமல் சொன்னான். அவள் திட்டுவாள் என்று நினைத்தான், அழுவாள் என்று நினைத்தான். அவள் குழாயை எடுத்து விரலால் மெல்ல உருட்டினாள். முகம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"இது அன்னைக்கு எடுத்ததுல்ல?" என்றாள்.

எந்த அன்றைக்கு என்று அவன் கேட்கவில்லை. "அன்னைக்கு நீ என்ன சொல்ல வந்த கீர்த்தி?"

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "இப்பம் கேக்கீகளா?"

"இப்பந்தான் கேக்கத் தெரிஞ்சுது."

அவள் மடித்த துணியை ஒருபக்கம் நகர்த்தினாள். "சாத்தூர்ப் பக்கம் ஒரு காலேஜுல இருந்து மத்தியானம் போன் வந்துச்சு. முன்னாடி வேலைக்கு எழுதிப் போட்டுருந்தேன், உங்ககிட்டச் சொல்லல, கெடைச்சாச் சொல்லுவோம்னு. கெடைச்சுது. வாரேனா இல்லையான்னு அஞ்சு மணிக்குள்ள சொல்லணும், இல்லைன்னா அடுத்த ஆளக் கூப்பிடுவோம்னாக."

"ஐயோ, சத்தம் போட்டுச் சொல்லிருக்கலாமே! எந்திரிச்சுப் போயிருக்கலாமே!"

"போயிருக்கலாம். யாரு பிடிச்சுக் கட்டிப்போட்டா? பத்துத் தடவ எந்திரிக்கப் பாத்தேன்." அவள் குரல் உயரவில்லை. "ஒரே ஒரு தடவ கேமராவக் கீழ எறக்கி 'என்ன'ன்னு கேப்பீக, கேட்டதும் சொல்லுவோம்னு உக்காந்துட்டேன். கிறுக்குத்தனந்தான். அஞ்சு ஆச்சு. உள்ள என்னமோ அத்துப்போச்சு. அப்பப் பாத்து நீங்க, 'இதுதான், இப்பிடியே இரு, ஆடாத'ன்னு சொன்னீக."

ஜெயச்சந்திரன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை. என்ன சொன்னாலும் பொய்யாகத்தான் இருக்கும் என்று பட்டது. கடைசியில் தன்னால் ஆகக்கூடிய ஒன்றையாவது செய்வோம் என்று போனை எடுத்தான்.

"மகேஷ்கிட்ட இப்பமே சொல்லிருதேன். ஒரு தாள் மிச்சமில்லாம மில்லுக்குப் போயிரும். ஒரு ஆள் கண்ணுலயும் படாது."

"யாரு ஒங்களச் சொல்லச் சொன்னா?" என்று அவள் கையை நீட்டினாள். "போனக் குடுங்க."

மகேஷ்குமார் முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். பாவம், காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்திருப்பான்.

"தம்பி, நான் கீர்த்திகா பேசுதேன். லேபிள்ல இருக்கவ." எதிர்ப்பக்கம் அவன் பதறிப்போய் மன்னிப்புக் கேட்பது அறை முழுக்கக் கேட்டது. அவள் அவனைப் பேசி முடிக்க விட்டாள். "சரி, விடுங்க. இப்பமாவது கேட்டீகல்ல. கூழுக்கு எல்லாம் போட வேண்டாம். நாளைக்கு ஒட்ட ஆரம்பிக்கச் சொல்லுங்க. அடிச்ச தாள் அம்புட்டையும் ஒட்டணும், ஒண்ணு மிஞ்சக்கூடாது."

ஜெயச்சந்திரன் தலையைத் தூக்கிப் பார்த்தான். "கீர்த்தி, வெடிச்சுச் செதறிப்போகும். தெருவுல மிதிபடும்."

"போகட்டும். வாயத் தெறக்காமக் காத்துக்கெடந்த அந்த மூஞ்சி எனக்கு வேண்டாம்" என்று அவனிடம் சொல்லிவிட்டு அவள் மறுபடியும் போனைக் காதில் வைத்தாள். "தம்பி, ஒண்ணு கேக்கணும். வெடி சத்தம் எப்பிடி? பலமா இருக்குமா?"

"தெருவே அதிரும் மதினி" என்றான் மகேஷ்குமார்.

"அப்பச் சரி" என்று போனை அணைத்து ஜெயச்சந்திரன் கையில் கொடுத்தாள்.